முத்தும் பாரும்: மன்னார் வளைகுடா எழுப்பிய இரு கேள்விகள்

தூத்துக்குடிக் கரையிலிருந்து ஏறத்தாழ 12 முதல் 20 கிலோமீட்டர் தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், மணற்பரப்பின் நடுவே திட்டுத்திட்டாகக் கிடக்கும் பாறைப் படுகைகளைக் கடலோடிகள் 'பார்' என்று அழைப்பர். தொலையிரம் பார் போன்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. முத்துச்சிப்பி தன் உடலிலிருந்து சுரக்கும் நார்களால் பற்றிக்கொண்டு வளர்வது இந்தப் பார்களின் மேல்தான். இவற்றை முன்வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளாக இரண்டு கேள்விகள் எழுப்பப்பட்டு வந்துள்ளன: சிப்பிக்குள் முத்து எவ்வாறு பிறக்கிறது என்பது ஒன்று, சில ஆண்டுகள் பாரையே மூடிவிடும் அளவுக்குப் பெருகும் சிப்பி பிறகு பல ஆண்டுகள் தலைகாட்டாமல் போவது ஏன் என்பது மற்றொன்று. முதற்கேள்வி புலவர், வணிகர், அறிஞர் ஆகியோருக்கு உரியது. இரண்டாவது கேள்வி தோணியும் கயிறும் வைத்துப் பிழைத்தவர்களுக்கு உரியது. புகழெல்லாம் முதற்கேள்வியைச் சென்றடைந்தது. கரையின் வாழ்வும் தாழ்வும் இரண்டாவதைச் சார்ந்திருந்தன. கடினமான கேள்வியும் அதுவே.

இந்த வரலாற்றுக்கான மிகப் பழைய அயல்நாட்டுச் சான்றுகளுள் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு. பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளிப்பு நடந்ததென்றும், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் அந்நூல் குறிக்கிறது. பின்னர் தாலமியும் கொற்கையைக் குறிப்பிடுகிறார். ஆனால் இன்று கொற்கைக்குச் செல்பவர் அங்கே காண்பது வயலும் வாழைத்தோட்டமும் குளமுமே. கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே விலகிப்போயிருக்கிறது. துறைமுகம் என்று இலக்கியம் சொல்லும் ஊர் உள்நாட்டில் இருப்பதன் காரணத்தை நேரில் ஆராய்ந்தவர் இராபர்ட் கால்டுவெல். கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்து 1877 இல் தம் முடிவுகளை வெளியிட்ட அவர், தாமிரபரணி கொண்டுவந்து கொட்டும் வண்டல் கடலைக் கிழக்கே தள்ள, துறைமுகமும் அதன் பின்னே நகர்ந்தது என்று விளக்கினார். கொற்கை தூர்ந்தபின் காயல் தலையெடுத்தது. காயலும் தூர்ந்தபின் முகத்துவாரத்தில் புன்னைக்காயலும், ஆற்றின் வண்டல் எட்டாத வடபுறத்தில் தூத்துக்குடியும் எழுந்தன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69 இல் கொற்கையில் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் கதிரியக்கக் கரிமக் கணிப்பு கி.மு. 785 ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. கதிரியக்கக் கரிமக் கணிப்பு என்பது, உயிர் நீங்கிய பொருளில் உள்ள ஒருவகைக் கரிமம் குறிப்பிட்ட விகிதத்தில் அழிந்துவருவதை அளந்து, அதன் வயதை மதிப்பிடும் முறையாகும்.

ஒரு துறைமுகத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் அரசர்களின் பட்டியலாகவே எழுதும் வழக்கம் இங்கே போதாது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். பாண்டியர், போர்த்துக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் எனக் கொடிகள் மாறியது உண்மைதான். என்றாலும் எந்தக் கொடி எங்கே பறக்கவேண்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்தவை ஆற்றின் மணலும் பாரின் சிப்பியுமே. 1530களின் நடுவில் பரதவர் திரளாகக் கத்தோலிக்கம் தழுவியதும், 1542 இல் சவேரியார் இக்கரைக்கு வந்ததும், புன்னைக்காயலில் தங்கிப் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் தமிழில் நூல்களை அச்சேற்றியதும் முத்துக்குளிப்பு உரிமைக்கான போட்டியோடு பின்னிக்கிடந்தவையே. அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் அச்சானது. தமிழ் எழுத்து அச்சேறிய கதையிலும் முத்துச்சிப்பிக்கு ஒரு பங்கு உண்டு.

முத்துக்குளிப்பு நடைபெறும் பருவத்தை 'சலாபம்' என்பர். வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன் கடல் அமைதியாக இருக்கும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களே அதற்கு ஏற்றவை. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால்வைத்து விரைவாக அடிக்குச் சென்று, ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் சேர்த்ததும், தோணியிலிருந்து கயிறு பிடிப்பவர் பையை மேலே இழுப்பார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாக்கள் குளிப்பவரை அண்டாதபடி மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் கொடுக்கப்பட்டதாக எழுதியுள்ளார். 'கடல்கட்டி' எனப்பட்ட இவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசும் ஊதியம் கொடுத்துவந்தது. இதைக் கேலிக்குரிய மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் எவரும் நீரில் இறங்கமாட்டார்கள் என்று தெரிந்த அதிகாரிகள், வரவுசெலவுக் கணக்கில் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கியது நடைமுறை அறிவேயாகும்.

கரைக்கு வந்த சிப்பிகள் அழுகவிடப்பட்டு, கழுவப்பட்டு, கிடைத்த முத்துகள் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலிக்கப்பட்டன. ஒரே பரப்பில் 20 துளைகள் உடைய சல்லடையில் தங்குவது மிகப் பெரிய முத்து. 1000 துளைகள் உடையதில் தங்குவது பொடி முத்து. அளவு இவ்வாறு தெரிந்தபின் வடிவமும் ஒளியும் பார்க்கப்பட்டு, ஆணிமுத்து தொடங்கித் தூள் வரை தரம் பிரிக்கப்பட்டது. விலை கணிக்கும் முறையில் நுட்பமான கணிதம் ஒன்று இருந்தது. எடை இரண்டு மடங்கானால் விலையும் இரண்டு மடங்காகும் என்று முத்து வணிகர் கொள்ளவில்லை. எடையின் வர்க்கத்தை, அதாவது எடையை அதே எடையால் பெருக்கிவரும் தொகையை ஒட்டியே மதிப்பிட்டனர். ஆகவே இரு மடங்கு எடையுள்ள முத்து நான்கு மடங்கு மதிப்புப் பெற்றது. பெரிய முத்து அரிது என்ற அனுபவத்தை வாய்பாடாக்கிய இம்முறை, பாடப்புத்தகம் எழுதியவர்களுடையதன்று, கடைவீதியில் பிறந்தது.

சலாபம் இல்லாத காலங்களில் இதே மக்களுக்குக் கைகொடுத்தது சங்குகுளிப்பு. சிப்பி பாறையை நாடும். சங்கோ மணலை நாடும். இங்கிருந்து வங்காளத்துக்குக் கப்பலேறிய சங்குகள் அங்கே மணமான பெண்கள் அணியும் வளையல்களாக அறுக்கப்பட்டன. கொற்கை அகழாய்விலும் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருப்பதால் இத்தொழிலின் பழமை விளங்கும். ஜேம்ஸ் ஹார்னெல் 1914 இல் சங்கு பற்றித் தனிநூலே எழுதினார். வலம்புரிச் சங்கின் அருமை அனைவரும் அறிந்ததே. ஆனால் தமிழர் வலம்புரி என்பதை விலங்கியலார் இடச்சுழி என்பர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். விலங்கியலார் சங்கின் கூர்ச்சுழி முனையை மேலே வைத்துப் பார்க்கின்றனர். வழிபடுவோர் நீர் வார்க்கும் முனையை மேலே வைத்துப் பார்க்கின்றனர். சங்கைத் தலைகீழாக்கினால் வாய் தோன்றும் பக்கம் மாறிவிடுமாதலால் இருவர் கூற்றும் சரியே.

முத்தின் பிறப்பு பற்றிய முதற்கேள்விக்கு வருவோமானால், சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது இந்நாட்டின் பழைய விடை. ரோமானிய அறிஞர் பிளினி பனித்துளி என்றார். யானைக் கொம்பு, மூங்கில், கரும்பு, நெல் முதலியவற்றிலும் முத்து பிறக்கும் என்று நம் பழைய உரைகள் பட்டியலிடுவதையும் இங்கே நினைக்கலாம். இருபது மீட்டர் ஆழத்தில் கிடக்கும் சிப்பியை மழைத்துளி எவ்வாறு அடையும் என்று குளிப்பவர்களை எவரேனும் கேட்டிருந்தால் இந்த விடை நெடுநாள் நிலைத்திருக்காது. 1852 இல் இத்தாலியரான பிலிப்பி நன்னீர்ச் சிப்பிகளின் முத்துகளில் ஒட்டுண்ணிப் புழுக்களைக் கண்டு, அவையே காரணம் என்றார். இக்கருத்து மன்னார் வளைகுடாவுக்கு வந்தது 1902 இல். இலங்கை அரசின் அழைப்பின் பேரில் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் ஹார்னெலுடன் வந்து பார்களை ஆராய்ந்தார். அதன் விளைவாக 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அறிக்கை இன்றும் இவ்வளைகுடாவின் உயிரினங்களைப் பற்றிய அடிப்படை நூல். நாடாப்புழுவின் இளம்பருவம் சிப்பிக்குள் புகுந்து, அதைச் சுற்றியே முத்து உருவாகிறது என்றும், சிப்பியைத் தின்னும் மீன்கள் வழியே அப்புழு திருக்கை போன்ற பெரிய மீன்களைச் சென்றடைந்து முதிர்கிறது என்றும் ஹெர்ட்மன் கருதினார். மிக அழகான கோட்பாடு இது. ஆயினும் பெரும்பாலான முத்துகளை அறுத்துப் பார்த்தபோது நடுவில் புழு இல்லை.

உண்மைக் காரணம் வேறு. சிப்பியின் ஓட்டைச் சுரப்பது அதன் உடலைப் போர்த்தியிருக்கும் 'மேலங்கி' என்னும் மெல்லிய தசைமடிப்பின் வெளிப்புறச் செல்கள். புழுவாலோ காயத்தாலோ வேறு எதனாலோ அச்செல்களில் சில இடம்பெயர்ந்து உடலுக்குள் புதைந்துவிட்டால், அங்கேயும் அவை தம் வேலையை விடுவதில்லை. பெருகி ஒரு சிறு பையாகி, ஓட்டுப்பொருளைப் பைக்குள்ளேயே அடுக்கடுக்காகச் சுரக்கின்றன. இந்த முத்துப்பைதான் முத்தைத் தருகிறது. மணல் துகளோ புழுவோ தூண்டுகோலாகலாம். செல் இல்லாவிட்டால் முத்து இல்லை. அந்த அடுக்குகள் சுண்ணாம்புக் கார்பனேட்டின் ஒரு வடிவமான அரகோனைட் படிகத் தகடுகளால் ஆனவை. ஒரு தகட்டின் தடிமன் ஏறத்தாழ அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தகடுகளைப் புரதம் ஒட்டவைக்கிறது. இத்தடிமன் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமானது என்பதால், வெவ்வேறு அடுக்குகளிலிருந்து திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை வலுவாக்கியும் சிலவற்றை அழித்தும் காட்டுகிறது. முத்தின் நீரோட்டம் என்று நகை வணிகர் போற்றும் ஒளி இதுவே. பளபளப்புக்குக் காரணமான இதே கட்டமைப்பு, வெறும் அரகோனைட்டைவிடப் பன்மடங்கு உறுதியையும் தருகிறது. சுண்ணாம்புக் கட்டி போல் எளிதில் நொறுங்காத முத்தைப் பொருளறிவியலார் வியந்து ஆராய்வது இதனாலேயே.

செல்லே காரணம் என்பது தெரிந்துவிட்டால் முத்தைச் செய்யவும் முடியும். ஒரு சிப்பியின் மேலங்கித் துண்டையும் ஓட்டில் கடைந்தெடுத்த சிறு மணியையும் மற்றொரு சிப்பியின் உடலுக்குள் வைக்கும் முறையை ஜப்பானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாக்கினர். நுட்பத்தை நெடுங்காலம் கமுக்கமாகவும் வைத்திருந்தனர். தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் வேப்பலோடையில் செய்த சோதனைகளில், 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்து கிடைத்தது. முதற்கேள்வி இந்த அளவில் முடிந்தது எனலாம். கரையில் முத்துக்குளிப்பு நின்று அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டாவது கேள்வியின் கனம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டில் தூத்துக்குடிப் பக்கத்தில் சலாபம் நடந்த ஆண்டுகள் 1900, 1908, 1914, 1926 முதல் 1928 வரை, பிறகு 1955 முதல் 1961 வரை. அவ்வளவே. 1928 க்கும் 1955 க்கும் இடையே ஒரு தலைமுறை முழுவதும் முத்துக்குளிப்பைக் காணாமலே வளர்ந்தது. 1961 க்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் நடைபெறவில்லை. எதிர்க்கரையிலும் இதே கதைதான், ஆனால் பெரும் பொருட்சேதத்தோடு. 1903 முதல் இலங்கைப் பார்களில் சிப்பி கொழித்ததைக் கண்ட ஒரு லண்டன் கம்பெனி, 1906 இல் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுகளுக்கு அவற்றைக் குத்தகைக்கு எடுத்தது. ஹெர்ட்மனின் ஐந்தாம் தொகுதி வெளிவந்ததும் அதே ஆண்டுதான். 1907 சலாபத்துக்குப் பின் சிப்பி மறைந்தது. கம்பெனியும் நெடுநாள் நிலைக்கவில்லை. முத்து எவ்வாறு பிறக்கிறது என்று விளக்கிய அறிவியல், சிப்பி அடுத்த ஆண்டு இருக்குமா என்று சொல்ல இயலாத நிலையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மறைவுக்குக் கூறப்படும் காரணங்கள் பல. முத்துச்சிப்பியின் முட்டை கடல்நீரிலேயே கருவுற்று, குஞ்சு ஏறத்தாழ மூன்று வாரங்கள் மிதவை உயிரியாக நீரோட்டத்தில் அலைந்தபின்தான் எதையாவது பற்றிக்கொள்கிறது. அந்நேரத்தில் கீழே பாறை இருந்தால் வாழ்வு. மணல் இருந்தால் சாவு. வாடைக் காலத்தில் ஒரு திசையிலும் தென்மேற்குப் பருவத்தில் மறுதிசையிலும் ஓடும் நீரோட்டங்கள் குஞ்சுகளை எங்கே கொண்டுசேர்க்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. பற்றிக்கொண்டவையும் தப்புவதில்லை: பருவக்காற்றில் புரளும் மணல் பாரையே மூடிவிடும், கிளாத்தி மீனும் திருக்கையும் நட்சத்திரமீனும் இளஞ்சிப்பியைத் தின்னும், குளிப்பவர்கள் 'சூரன்' என்று பெயரிட்டு வெறுத்த ஒருவகைச் சிப்பி பாய் விரித்தாற்போல் நார்பின்னிப் படர்ந்து முத்துச்சிப்பியை மூச்சுத்திணற வைக்கும். 1890 இல் தம் குறிப்புகளை வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன் முதல், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மூச்சுக்கருவி அணிந்து பார்களுக்கு இறங்கிய மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் வரை ஆய்ந்தவர்கள் இவற்றில் வெவ்வேறு காரணங்களுக்கு அழுத்தம் தந்துள்ளனர். ஒரே காரணத்தைத் தேடியதே பழைய ஆராய்ச்சியின் குறை எனத் தோன்றுகிறது. பல சங்கிலிகளில் எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் பார் வெறுமையாகும். அவை அனைத்தும் ஒருசேரக் கூடிவரும் ஆண்டே அரிது.

இக்கடலின் விளங்காத வரவுகளில் முத்துச்சிப்பி மட்டும் அடங்காது. 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கிலங்கள் தூத்துக்குடிக்குத் தெற்கே கரையொதுங்கின; அதைப் பதிவு செய்தவர்களுள் மேற்குறித்த அழகர்சாமியும் ஒருவர். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், மணப்பாடு, கல்லாமொழிப் பகுதியில் அதே இனத் திமிங்கிலங்கள் மீண்டும் கூட்டமாக வந்து ஒதுங்கின. மீனவர் கடலுக்குள் இழுத்துவிட்டவற்றுள் சில திரும்பவும் கரைக்கே வந்தன. தலைமைத் திமிங்கிலத்தைப் பின்தொடரும் இவற்றின் கூட்டுறவுப் பண்பு ஒரு காரணமாகலாம் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

மணப்பாட்டுக்குச் சற்று வடக்கேயுள்ள குலசேகரன்பட்டினத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இதன் தேர்வுக்கும் பார்களின் வரலாற்றுக்கும் பொதுவான ஒரு நிலவியல் காரணம் உண்டு: இலங்கைத் தீவு. மன்னார் வளைகுடாவை ஒதுக்குப்புறமான கடலாக்கி, அதன் நீரோட்டங்களை வளைப்பது அத்தீவே. பூமியின் இரு முனைகளுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் ஏவூர்தி, தெற்கே நேராகச் செல்ல முடியாமல் முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு திரும்பவேண்டியிருப்பதும் அத்தீவாலேயே. அவ்வாறு திரும்புவதில் எரிபொருள் வீணாகிறது. பெரிய ஏவூர்தி அதைத் தாங்கும், எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறியதற்கு அது பேரிழப்பு. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே நோக்கினால் அண்டார்க்டிகா வரை பெருநிலம் எதுவும் குறுக்கிடுவதில்லை.

துருவப் பாதைச் செயற்கைக்கோள்கள் கடலுக்கும் பயன்படுகின்றன. 1999 மே 26 அன்று ஏவப்பட்ட ஓஷன்சாட்-1 முதற்கொண்டு இவ்வகைக் கோள்கள் கடலின் நிறத்தை அளந்து, நீரில் மிதக்கும் நுண்பாசியின் அளவை மதிப்பிடுகின்றன. சிப்பிக்குஞ்சின் உணவு அந்த நுண்பாசியே. 1981 இல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து வளர்ப்பதில் வெற்றி கண்டபோது, அவற்றுக்கு ஊட்டப்பட்டதும் நுண்பாசிதான். அக்குஞ்சுகளை எண்பதுகளின் பிற்பகுதியில் பெருந்தொகையாகப் பார்களில் விட்டுப் பார்த்தனர், சலாபம் திரும்பவில்லை. பாறைக்கு மேலுள்ள நீரின் நிறத்தையும் வெப்பத்தையும் இன்று விண்ணிலிருந்து அறியலாம். பாறையின் மேல் குஞ்சு பற்றியிருக்கிறதா, சூரன் படர்ந்திருக்கிறதா என்பதை அறிய இப்போதும் ஒருவர் நீரில் இறங்கித்தான் ஆகவேண்டும். விண்ணிலிருந்து கிடைக்கும் கணக்கையும், இறங்கிப் பார்த்தவர் தரும் கணக்கையும், 1961 க்கு முந்தைய சலாபக் குறிப்பேடுகளையும் ஒரே அட்டவணையில் வைத்து ஆண்டுவாரியாக ஒப்பிடும் பணி இரண்டாவது கேள்விக்கான அடுத்த படியாக அமையும்.